கத்தி செட் வேண்டாம், ஒரு கத்தியும் ஒரு கல்லும் வாங்குங்கள்

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருந்தது இதுதான்: கல்யாணமாகி ரங்கூனில் தனிக்குடித்தனம் வந்திருக்கிறார். அம்மா வீட்டில் எல்லாமே அரிவாள்மனைதான். இங்கே ஷாப்பிங் சென்டரில் மரக்கட்டையில் செருகிய எட்டுக் கத்தி செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், விலை கொஞ்சம் கூடுதல். டோக்கியோவில் வேலை பார்க்கும் அண்ணன் அடுத்த முறை வரும்போது ஜப்பான் கத்தி வாங்கி வரட்டுமா என்று கேட்கிறாராம். எதை வாங்குவது?

நான் ரங்கூனில் கல்யாணச் சமையலும் கோயில் அன்னதானமும் செய்து பிழைப்பவன். கத்தி பிடிப்பதுதான் தினசரி வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த செட்டை விட்டுவிடுங்கள். எட்டில் உங்கள் கைக்கு வருவது இரண்டுதான். மீதி ஆறும் கட்டையில் சும்மா நிற்கும். மழைக்காலத்தில் அந்தக் கட்டையின் ஓட்டைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், அதைக் கழுவவும் வழியில்லை. செட் விற்பவர் ஒரு மொத்த விலைக்குள் எட்டுக் கத்தியைக் கொடுத்தாக வேண்டும், ஆகவே ஒவ்வொன்றிலும் இரும்பு சுமாராகத்தான் இருக்கும். தகட்டில் 'ஜெர்மன் ஸ்டீல்' என்று அச்சடித்திருப்பார்கள். என்ன இரும்பு, எவ்வளவு கடினம் என்று எங்கேயும் இருக்காது. தகடு முழுக்க அலை அலையாகக் கோலம் போட்டு 'டமாஸ்கஸ்' என்று விற்பதும் உண்டு. மலிவான கத்தியில் அந்தக் கோலம் மேலே பொறித்ததாகத்தான் இருக்கும். நிஜமாகவே அடுக்கு அடுக்காக அடித்த விலை உயர்ந்த கத்தியிலும்கூட, வெட்டுவது நடுவில் இருக்கும் ஒரே இரும்புதான். வெளி அடுக்கெல்லாம் அழகுக்கும் பாதுகாப்புக்கும்.

கத்தி நன்றாக வெட்டுவதற்கு மூன்று காரணம்: தகடு எவ்வளவு மெல்லியது, விளிம்பு என்ன கோணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது, இரும்பு அந்த விளிம்பை எவ்வளவு நாள் தாங்கும். கடையில் எல்லோரும் மூன்றாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். வீட்டுச் சமையலில் கைக்குத் தெரிவது முதலாவது. பூசணியையோ கெட்டி முட்டைக்கோஸையோ வெட்டிப் பாருங்கள். விளிம்பு உள்ளே போன பிறகு தகட்டின் உடம்பு காயைப் பிளந்துகொண்டு போக வேண்டும். தடிமனான கத்தி அங்கே சிக்கி நிற்கும், நீங்கள் அழுத்துவீர்கள், பட்டென்று பிளந்து கத்தி எங்கேயோ போகும். கை அறுபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரும்பின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்திகள் பெரும்பாலும் 56 முதல் 58 வரை. சுவிஸ் விக்டரிநாக்ஸும் கிட்டத்தட்ட அதே வகை இரும்புதான், ஒரு படி மென்மை. ஜப்பான் கத்திகள் 60-க்கு மேல். எண் ஏற ஏறக் கூர் அதிக நாள் நிற்கும், ஆனால் விளிம்பு உடையும் தன்மையும் கூடும். மென்மையான இரும்பு மடங்கும், கடினமான இரும்பு சில்லு சில்லாகப் பெயரும். மடங்கியதை நிமிர்த்தலாம். பெயர்ந்ததைத் தேய்த்து இறக்கித்தான் சரிசெய்ய முடியும். இது ஞாபகத்தில் இருந்தால் போதும், அண்ணனுக்கு என்ன சொல்வது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டில் என்ன வெட்டுவீர்கள்? நம் ஊர்ச் சமையலை நினைத்துப் பாருங்கள். வெங்காயம் மலை மலையாக. அத்தோ என்ற நூடுல்ஸ் கலவைக்கு முட்டைக்கோஸ் நூல் மாதிரி. இஞ்சி சாலட் போடுவீர்கள் என்றால் இஞ்சி அதைவிட மெல்லிசாக. மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸுக்கு வாழைத்தண்டு, எலுமிச்சைப்புல். அப்புறம் சாம்பார் காய், கீரை, மீன், எப்போதாவது ஆட்டுக்கறி. கரண்ட் போய் மிக்ஸி ஓடாத நாளில் இஞ்சி பூண்டையும் பலகையில் வைத்துக் கத்தியாலேயே கொத்திவிட வேண்டியதுதான். இதில் பெரும்பாலானவை மெல்லிய, லேசான கத்தி கேட்கும் வேலை. கனமான மேல்நாட்டுச் சமையல் கத்தி எதற்கும் அவசியமில்லை.

நான் சொல்வது இதுதான்: தெய்ஞ்சி மார்க்கெட்டில் பாத்திரக் கடைப் பக்கம் போய் தாய்லாந்தின் 'கிவி' பிராண்டு கத்தி ஒன்று வாங்குங்கள். விலை மலிவு என்பதால் ஏளனமாகப் பார்க்காதீர்கள். முதுகே சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஜெர்மன் கத்தியின் முதுகு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரும்பு மென்மைதான், கூர் சீக்கிரம் போகும். ஆனால் அதே வேகத்தில் திரும்பவும் வரும். புதிதாகத் தீட்டிய கிவி, தீட்டாமல் கிடக்கும் எந்த விலை உயர்ந்த கத்தியையும் முட்டைக்கோஸில் தோற்கடிக்கும். முனை சதுரமாக இருப்பதும் உண்டு, கூராக இருப்பதும் உண்டு. மீன் சுத்தம் செய்வதாக இருந்தால் கூர்முனை எடுங்கள். தகட்டு நீளம் 16, 17 சென்டிமீட்டர் போதும்.

கடையில் எடுக்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். கத்தியை முதுகு கீழாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, விளிம்பு வழியாக நீளவாக்கில் பாருங்கள். மலிவுக் கத்திகளில் சிலது லேசாக வளைந்திருக்கும், சிலதில் விளிம்பு அலை அடிக்கும். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். மரப்பிடியும் தகடும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இடுக்கு இருந்தால் அதில் மீன் அழுக்கும் தண்ணீரும் போய் உட்காரும், ஒரு மழைக்காலத்தில் பிடி ஆட ஆரம்பித்துவிடும். வெளிச்சத்தில் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எங்காவது பளிச்சென்று ஒரு புள்ளி மின்னினால் அந்த இடம் மழுங்கல்.

ஒன்றுக்கு இரண்டாக வாங்கினாலும் நல்லதுதான். விரதம், கோயில் காரியம் என்று சைவத்துக்குத் தனிக் கத்தி வைக்கும் வீடுகள் நம்மில் நிறைய. பிடியில் சிவப்பு நூல் சுற்றியது மீனுக்கு, சுற்றாதது காய்க்கு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கைப்பழக்கம் மாறாது. இவற்றோடு விரல் நீளத்தில் ஒரு சின்னக் கத்தி, உருளைக்கிழங்குக் கண் எடுக்கவும் பழம் சீவவும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, எது கிடைத்தாலும் சரி. பிரெட் வெட்டும் பல் கத்தி, முழுப் பிரெட் வாங்கும் வீட்டுக்கு மட்டும்.

எலும்பு, தேங்காய், கட்டி வெல்லம், ஐஸ் பிடித்த இறைச்சி, இந்த நாலுக்கும் இந்தக் கத்தியைத் தொடவே கூடாது. அதற்கு அம்மா வீட்டு வெட்டுக்கத்தியோ, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துத் தரும் கனமான கத்தியோ ஒன்று இருந்தால் நல்லது. ஷான் பக்கம் போகிற உறவுக்காரர்கள் இருந்தால் இன்லே ஏரிக் கொல்லர்களிடம் சொல்லி வாங்கலாம். அது துருப்பிடிக்கும் இரும்பு, பார்க்க அழகாக இருக்காது, பரம்பரைக்கும் உழைக்கும். ஆட்டுக்கறியைக் கடையிலேயே வெட்டி வாங்குகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

அரிவாள்மனையைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் தூக்கி எறியாதீர்கள். கீரை ஆய, மீன் செதில் எடுத்து வகுந்துபோட, தேங்காய் துருவ அதற்கு ஈடு இல்லை. ஆனால் அதில் பழகிய கைக்குக் கத்தி முதலில் ஒத்து வராது. மனையில் அலகு நிலையாக நிற்கும், காய் நகரும். கத்தியில் காய் நிற்கும், அலகு நகரும். அதனால் மனையில் பழகியவர்கள் பலகை இல்லாமல் காயைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை நோக்கி வெட்டுவார்கள். இது வேண்டாம். காயை முதலில் பாதியாக வெட்டி, வெட்டிய தட்டைப் பக்கத்தைப் பலகையில் படுக்க வையுங்கள், உருளாது. இடது கை விரல் நுனிகளை உள்ளே மடித்து, நடுவிரல் கணு கத்தியின் பக்கவாட்டில் உரசும்படி வையுங்கள். வலது கையில் பிடியை முழுக்கப் பற்றாமல், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தகட்டின் அடிப்பகுதியையே இருபுறமும் கிள்ளிப் பிடிக்கட்டும். இரண்டு நாள் அசௌகரியமாக இருக்கும், அப்புறம் வேறு மாதிரி பிடிக்க வராது.

இன்னொன்று, இதைச் சமையல் வகுப்புகளில் சொல்ல மாட்டார்கள். நம் வீடுகளில் பலர் தரையில் அல்லது குட்டை முக்காலியில் உட்கார்ந்துதான் வெட்டுகிறோம். நின்றுகொண்டு, மேடையில், தோளிலிருந்து ஆட்டி வெட்டுவதற்காக வடிவமைத்தது 20 சென்டிமீட்டர் வளைந்த கத்தி. உட்கார்ந்த நிலையில் அது முட்டியில் இடிக்கும். உட்கார்ந்து வெட்டுபவருக்குக் குட்டையான, விளிம்பு நேராக இருக்கும் கத்திதான் வாகு. முன்னே தள்ளியபடி கீழே இறக்கினால் போதும், ஆட்ட வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம், தீட்டும் கல். கத்திக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைக் கல்லுக்கு வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை, பிறகு கத்தி சரியில்லை என்பார்கள். கத்தி சரியாகத்தான் இருக்கிறது, மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெங்காயம் வெட்டும்போது கண்ணீர் ஆறாக ஓடினால் அதுவும் பாதி கத்தியின் குற்றம். மழுங்கிய விளிம்பு வெங்காயத்தை அறுக்காமல் நசுக்கும், நசுங்க நசுங்க அந்தக் கார வாயு கூடுதலாகக் கிளம்பும்.

தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா என்றால், வெட்டுக்கத்திக்குச் சரி. மெல்லிய கத்திக்கு வேண்டாம். உலர்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறும். விளிம்பில் நீலம் ஓடியிருந்தால் இரும்பு ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது, பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பள்ளத்துக்குள் இழுத்து எடுக்கும் சின்னக் கருவியும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் இரும்பைச் சுரண்டி எடுக்கும், விளிம்பைப் பல்பல்லாக விட்டுவிடும்.

1000 நம்பர் தண்ணீர்க் கல் ஒன்று போதும், நம்பர் ஏற ஏறக் கல் நைசாக இருக்கும். விளிம்பு பெயர்ந்த கத்தியைச் சரிசெய்ய 400, மினுமினுப்பாக முடிக்க 3000 அல்லது 6000 என்று இருக்கிறது, அதெல்லாம் பிறகு ஆசை வந்தால். கல்லைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் போடுங்கள், குமிழி வருவது நிற்கும் வரை. சில வகைக் கல்லை ஊறவைக்காமல் மேலே தண்ணீர் தெளித்தாலே போதும், டப்பாவில் போட்டிருக்கும். கீழே ஈரத் துணி விரித்துக் கல் நகராமல் வையுங்கள். கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். எவ்வளவு என்றால், தகட்டின் அகலம் 45 மில்லிமீட்டராக இருந்தால் முதுகு கல்லிலிருந்து 12 மில்லிமீட்டர் உயரட்டும், அது 15 டிகிரி. சுண்டுவிரல் நுனியை இடையில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அந்த அளவுதான். அந்த உயரம் மாறாமல், இடது கை விரல்களை விளிம்புக்கு மேலாக வைத்து லேசாக அழுத்தி, முன்னும் பின்னும் தேயுங்கள். கறுப்புச் சேறு கிளம்பும். அதைக் கழுவாதீர்கள், தேய்ப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எண்ணிக்கை வைத்துத் தீட்டக் கூடாது. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கத்தில் விளிம்பு ஓரமாக மயிரிழை போல ஒரு பிசிறு எழும்பும். பெருவிரலை முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே நோக்கி, குறுக்காக, மெல்ல நகர்த்தினால் விரலில் அது சொரசொரவென்று தட்டும். விளிம்பு ஓடும் திசையில் விரலை ஓட்டவே கூடாது. அடியிலிருந்து முனை வரை முழு நீளத்துக்கும் பிசிறு வந்த பிறகுதான் அந்தப் பக்கம் முடிந்தது. நடுவில் வந்து முனையில் வராமல் இருந்தால் முனைப் பக்கம் இன்னும் தேயுங்கள். பிறகு திருப்பி மறுபக்கம். அதிலும் பிசிறு வந்ததும், அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து இருபக்கமும் மாற்றி மாற்றிச் சில இழுப்பு, கடைசியில் கத்தியின் எடை மட்டும் போதும். முடிவில் நாலாக மடித்த நியூஸ்பேப்பரில் விளிம்பைப் பின்னோக்கி இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும்.

தக்காளியில் சோதித்துப் பாருங்கள். பழுத்த தக்காளி மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்தால் தோல் அறுபட வேண்டும். அதைவிட நல்ல சோதனை வாழைத்தண்டு: கூர் சரியாக இருந்தால் வட்டம் சுத்தமாக விழும், நார் கத்தியோடு சேர்ந்து இழுபடாது.

தினமும் கல்லை எடுக்க வேண்டியதில்லை. டீக்கடைகளில் பச்சைத் தேயிலைத் தண்ணீர் ஊற்றித் தரும் பீங்கான் கோப்பை வீட்டில் இருக்கும். கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத, சொரசொரப்பான வளையம் தெரியும். அதில் கத்தியை இருபக்கமும் நாலு தடவை மெதுவாக இழுத்தால் மடங்கிய விளிம்பு நிமிர்ந்துவிடும். கிவி மாதிரி மென்மையான இரும்புக்கு இது அருமையாக வேலை செய்யும். தினமும் சமைக்கிற வீட்டில் இப்படிச் செய்துவந்தால் மாதம் ஒருமுறை கல் போதும்.

பலகை. கண்ணாடி, கிரானைட், எவர்சில்வர் தட்டு இவற்றின் மேல் வெட்டினால் நான் மேலே எழுதியது எல்லாம் வீண். பர்மாத் தேக்குப் பலகை நமக்குப் பெருமைதான், தண்ணீரும் லேசில் ஏறாது. ஆனால் தேக்கு மரத்துக்குள்ளேயே சிலிக்கா, அதாவது மணல் சத்து, இருக்கிறது. தச்சர்களைக் கேளுங்கள், உளி எவ்வளவு சீக்கிரம் மழுங்குகிறது என்று சொல்வார்கள். கத்திக்கும் அதே கதி, கொஞ்சம் மெதுவாக. எனக்குப் பிடித்தது குறுக்காக அறுத்த வட்டப் புளியங்கட்டை. இறைச்சிக் கடைக்காரர் எதில் வெட்டுகிறார் என்று பார்த்திருப்பீர்களே. விளிம்பு மர இழைகளுக்கு நடுவே இறங்குவதால் கூர் அதிக நாள் நிற்கும். புதுக் கட்டை காயும்போது வெடிக்கும். அதனால் முதலில் இருபுறமும் தேங்காய் எண்ணெய் நன்றாகத் தடவுங்கள். கழுவியதும் படுக்கப் போடாமல் சுவரோரம் நிறுத்தி வையுங்கள், மழைக்காலத்தில் படுத்த கட்டையில் அடுத்த வாரமே பூஞ்சைதான். புளியங்கட்டை கிடைக்காவிட்டால் சாதாரண பிளாஸ்டிக் பலகை, தேக்கை விடப் பரவாயில்லை.

மழை என்றதும் துரு. ரங்கூனில் வருடத்துக்கு இரண்டரை மீட்டர் மழை, மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை வீட்டுக்குள் எதுவும் முழுசாகக் காயாது. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்வதும் உப்பு, புளி, எலுமிச்சை பட்டு ஈரத்தில் கிடந்தால் புள்ளி விழும். வெட்டி முடித்ததும் கழுவி, துணியால் துடைத்து வைத்தால் வேலை முடிந்தது. தொட்டியில் மற்றப் பாத்திரங்களோடு ஊறப் போடாதீர்கள். கத்தியும் கெடும், கைவிட்டுத் தேடுபவர் விரலும் போகும். இரும்புக் கத்திக்கு எண்ணெய் தடவுவதாக இருந்தால் கைக்குக் கிடைக்கிற கடலை எண்ணெயைத் தடவாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாக ஒட்டும். தேங்காய் எண்ணெய் அப்படி ஒட்டாது.

கடைசியாக அண்ணன். ஜப்பான் கத்தி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நல்ல கத்தி கையில் இருப்பது ஒரு சந்தோஷம். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்து கேளுங்கள். சாந்தோக்கு என்ற வகை, தகடு 165 முதல் 180 மில்லிமீட்டர் வரை, இருபக்கமும் தீட்டியது. காய்கறி மட்டும்தான் வெட்டுவேன் என்றால் நாக்கிரி, அது செவ்வகமாக இருக்கும், முட்டைக்கோஸுக்கென்றே பிறந்தது. இரும்பு விஜி-10 அல்லது அது போன்ற துருப்பிடிக்காத வகை. ஷிரோகாமி, அஓகாமி என்று கடைக்காரர் ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். அவை கார்பன் இரும்பு. கூர் அபாரமாக இருக்கும், ஆனால் நம் புளி, தக்காளி, எலுமிச்சை பட்டதும் கறுக்கும், நறுக்கிய வெங்காயமும் நிறம் மாறும், இந்த ஊர் ஈரத்தில் ஒரு இரவு துடைக்காமல் விட்டால் காலையில் துரு. பச்சை மீன் சீவும் நீளக் கத்தியும் வேண்டாம், அது ஒரு பக்கம் மட்டும் தீட்டியது, இடது கைக்காரருக்கு வேறு, வலது கைக்காரருக்கு வேறு.

அது வந்த பிறகும் மீன் தலை, கறி எலும்பு எல்லாம் பழைய கத்தியிலேயே நடக்கட்டும். பூசணியில் சிக்கினால் பக்கவாட்டில் திருகக் கூடாது, சில்லு பெயரும். விளிம்பு நிமிர்த்தும் இரும்புக் கம்பியில் உரசவும் வேண்டாம், இதற்குக் கல்தான்.

டோக்கியோவில் கப்பாபாஷி என்று சமையல் சாமான் கடைகளுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது, கின்சா லைனில் தவராமாச்சி ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். கத்தியைப் பெட்டி பிரிக்காமல் நேராக அறைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அங்கே 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள கத்தியைக் காரணமில்லாமல் கையில் வைத்துத் திரிவது சட்டப்படி குற்றம். விமானத்தில் வரும்போது கைப்பையில் வைத்தால் பறிமுதல்தான், லக்கேஜில் போடும் பெட்டியில் துணி சுற்றி வைக்க வேண்டும். அதே தெருவில் 1000 நம்பர் 'கிங்' பிராண்டுக் கல் கிடைக்கும். கத்திக்குப் பணம் போதாவிட்டால் கல்லை மட்டுமாவது வாங்கி வரச் சொல்லுங்கள், கிவிக்கும் அதுதான் வேண்டும்.